மெர்ஜ் அழுத்தினேன், எதுவும் சேரவில்லை: பிபிடி ஒன்றாக்கிய கதைகள்

கோவை லெக்சரர்

எங்கள் காலேஜுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருவதற்குப் பத்து நாள் முன்னால் நடந்தது. ஏழு துறையும் தரும் ஸ்லைடுகளைப் பிரின்ஸிபால் பேசப்போகும் ஒரே பிபிடியில், அதாவது பவர்பாயின்ட் ஃபைலில், சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. மொத்தம் 94 ஸ்லைடு. தாய் ஃபைலை ஏழு பேருக்கும் அனுப்பி, "உங்கள் துறை ஸ்லைடில் மட்டும் கை வையுங்கள்" என்று எழுதியிருந்தேன். யார் கேட்டார்கள்? மெயிலில் மூன்று, வாட்ஸ்அப்பில் மூன்று, பென் டிரைவில் ஒன்று என்று திரும்பி வந்தபோது, எல்லாரும் எல்லாவற்றையும் தொட்டிருந்தார்கள்.

முதலில் காப்பி, பேஸ்ட்தான். அவரவர் வடிவமைப்பு அப்படியே இருக்கட்டும் என்று ஒட்டியதில், ஒவ்வொரு முறையும் ஒரு மாஸ்டரும் (ஸ்லைடுகளின் நிறம், ஃபான்ட் எல்லாம் முடிவு செய்யும் அச்சு) ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்லைடு மாஸ்டரைத் திறந்தால் ஒரே தீம் முன்னால் 1, 2, 3 என்று நம்பர் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறது. தலைப்புப் பட்டையில் மூன்று விதமான நீலம்.

அப்போதுதான் லேப் உதவியாளர் தம்பி ரிவ்யூ டேபில் கம்பேர் என்று ஒரு பட்டன் இருப்பதைக் காட்டினார். இத்தனை வருஷமாக அதைப் பார்த்ததே இல்லை. தாய் ஃபைலைத் திறந்து, கம்பேர் தட்டி, மெக்கானிக்கல் ஃபைலைக் காட்டினேன். மெர்ஜ் என்று கேட்டது, அழுத்தினேன். வலது பக்கம் ஒரு பலகை வந்தது. சரி, சேர்ந்துவிட்டது என்று எண்ட் ரிவ்யூ போட்டு சேவ் செய்துவிட்டேன். எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் இதே மாதிரி. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் மெக்கானிக்கல் துறைத் தலைவர், "மேடம், நான் போட்ட எதுவுமே இதுல இல்லையே?"

மெர்ஜ் என்று பெயர்தான். அது எதையும் சேர்ப்பதில்லை, மாற்றங்களைப் பட்டியல் போட்டு நம் முன்னால் வைக்கிறது. ஸ்லைடில் மாறிய பெட்டிக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு குறி இருக்கும். அதைத் தட்டினால் யார் மாற்றியது, என்ன மாற்றியது என்று கட்டங்களோடு விரியும். டிக் போட்டால்தான் அந்த மாற்றம் உள்ளே வரும். டிக் போடாமல் எண்ட் ரிவ்யூ கொடுத்தால், பழையதே போதும் என்று நாம் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். முடிக்குமுன் ஒரு எச்சரிக்கையும் காட்டுகிறது. அதை யார் படிக்கிறார்கள்.

மறுபடி உட்கார்ந்து டிக் டிக்காகப் போட்டேன். மெக்கானிக்கல் நன்றாகவே வந்தது. சிவில் ஃபைலைக் கொடுத்தால், 94 ஸ்லைடும் நீக்கப்பட்டன, 94 ஸ்லைடும் புதிதாகச் சேர்க்கப்பட்டன என்கிறது! கேட்டால், சிவில் சாருக்கு எங்கள் டெம்ப்ளேட் பிடிக்கவில்லையாம். புது ஃபைல் திறந்து, எல்லாவற்றையும் தானே அதில் மறுபடி செய்திருக்கிறார். தாய் ஃபைலின் நகலாக இருந்தால்தான் கம்பேருக்கு அடையாளம் தெரியும். தத்துப்பிள்ளையைக் காட்டினால் முழிக்கிறது.

இதைவிடப் பெரிய தலைவலி 41ஆம் ஸ்லைடு. பிளேஸ்மென்ட் சதவீதம் ஒரு ஃபைலில் 82, இன்னொன்றில் 78. இரண்டு கட்டமும் என் முன்னால் இருக்கின்றன, எதில் டிக் போடுவது? ராத்திரி பத்தரைக்குப் பிளேஸ்மென்ட் ஆபீசருக்குப் போன் போட்டேன். இரண்டுமே சரி என்றார். ஒன்று, அரியர் இல்லாமல் தகுதி பெற்றவர்களை வைத்துப் போட்டது. மற்றொன்று, மொத்த மாணவர்களை வைத்துப் போட்டது. இதை எந்த சாஃப்ட்வேர் சொல்லும்? 78ஐ வைத்து, பக்கத்திலேயே கணக்கையும் ஒரு வரி எழுதினேன்.

உங்களுக்கும் இப்படி மாட்டியது உண்டா?

ரிட்டயர்டு பேங்க் ஆள்

மேடம், பட்டன் இருக்கிற காலத்தில் மாட்டியிருக்கிறீர்கள், கொடுத்து வைத்தவர். நாங்கள் 2003 பவர்பாயின்ட்டில் இந்த ஒப்பிடும் வேலையைச் செய்து பழகியிருந்தோம். ஆபீஸில் 2007க்கு மாற்றினார்கள், அந்த வசதியே காணோம். மைக்ரோசாஃப்ட் தூக்கிவிட்டது. 2010 பதிப்பில்தான் திரும்ப வந்தது. இடையில் மண்டல மீட்டிங் என்றால் என்ன செய்வேன் தெரியுமா? ஒரு தாளுக்கு ஆறு ஸ்லைடு வீதம் இரண்டு ஃபைலையும் பிரின்ட் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்துப் பார்ப்பேன். வாரப் பத்திரிகையில் வருமே ஆறு வித்தியாசம், அதே ஆட்டம்தான். மேனேஜர் ஒருமுறை பார்த்துவிட்டு, "என்ன சார், கள்ள நோட்டா?" என்றார்.

கலெக்டரேட் தம்பி

எங்கள் கதையில் வில்லன் ஃபான்ட். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு வட்டாரங்களிலிருந்து ஸ்லைடு வரும். பாதிப் பேர் வானவில் என்ற பழைய தமிழ் ஃபான்ட், மீதிப் பேர் இப்போது பொதுவாக இருக்கும் யூனிகோடு. அரசு வேலைக்கு யூனிகோடு என்று 2010லேயே அரசாணை வந்தாயிற்று, ஆனால் பழகின கை விடுமா?

ஒரு வட்டாரத்தில் போன மாத ஃபைலைப் புதிதாக வந்த ஒரு அம்மா யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பினார். நல்ல காரியம்தான். ஆனால் கம்பேர் போட்டால் ஒரு பெட்டி விடாமல் மாறிவிட்டது என்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே "பயனாளிகள்"தான். கம்ப்யூட்டருக்கு வானவில் எழுத்து என்பது ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த வரிசை, யூனிகோடு வேறு. உண்மையில் மாறியிருந்த நாலு எண்ணும் இந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டன.

எண்கள் இரண்டு ஃபான்டிலும் எண்களாகவே இருந்தன. அதனால் எழுத்தைக் கண்டுகொள்ளாமல், ஸ்லைடு ஸ்லைடாக எண்களை மட்டும் ஒருவர் வாசிக்க, ஒருவர் சரிபார்த்தோம். அப்படித்தான் அந்த நாலும் சிக்கின.

ஓஎம்ஆர் வாசி

ப்ரோக்களே, நான் புத்திசாலித்தனமாக ஏமாந்தவன். க்ளையன்ட் திருப்பி அனுப்பின 60 ஸ்லைடில் என்ன மாற்றினார்கள் என்று தெரியவேண்டும். இரண்டு பிபிடியையும் அவுட்லைனாக (எழுத்து மட்டும்) சேவ் செய்து, வேர்டில் போட்டு ஒப்பிட்டேன். வித்தியாசம் மூன்றே இடம். சந்தோஷம். பிறகு பார்த்தால், லேஅவுட்டில் ஏற்கெனவே இருக்கும் தலைப்பு, உள்ளடக்கப் பெட்டிகளில் எழுதியது மட்டும்தான் அவுட்லைனில் வரும். நாமாக வரைந்த டெக்ஸ்ட் பாக்ஸில் இருப்பது வராது. எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் டெக்ஸ்ட் பாக்ஸில்தான் எழுதுவார்கள்!

சரி, பைத்தானில் எழுதுவோம் என்று இறங்கினேன். பிபிடிஎக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப், பல ஃபைலைக் கட்டிய மூட்டை. பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் ஸ்லைடுக்கு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். அதிலிருக்கும் எழுத்தை எடுத்துக் கொடுக்க லைப்ரரியும் இருக்கிறது. இருபது வரியில் ஸ்கிரிப்ட், ஏழு மாற்றம் காட்டியது. எட்டாவது மாற்றத்தை மேனேஜர் மீட்டிங்கில் கண்டுபிடித்தார். மணிக்கணக்குக்கான ரேட். நாலு வடிவங்களைச் சேர்த்து குரூப் போட்டு, அதற்குள் எழுதியிருந்தார்கள். என் ஸ்கிரிப்ட் குரூப்பை ஒரே பொருளாக எண்ணித் தாண்டிப் போய்விட்டது. டேபிளும் அப்படித்தான், செல் செல்லாக உள்ளே போய்ப் படிக்கவேண்டும்.

இப்போது ஸ்கிரிப்ட் குரூப்புக்குள்ளும் போகிறது. ஆனாலும் ரேட் இருக்கும் ஸ்லைடை மட்டும் கண்ணால் பார்த்துவிடுகிறேன்.

யாழ் பெடியன்

நாங்கள் நாலு பேர், இறுதி வருட ஆய்வுக்கு ஒரே கூகுள் ஸ்லைட்ஸில வேலை செய்தனாங்கள். ஒப்பிடுற கரைச்சலே இராது எண்டு நினைச்சம். முதல் நாள் இரவு ஒருத்தன், தன்ர ஸ்லைட்டை ஆரோ அழிச்சுப்போட்டினம் எண்ட கோவத்தில காலமை இருந்த பதிப்பை மீட்டுவிட்டான். மற்ற மூண்டு பேரும் பின்னேரம் முழுக்கச் செய்தது போச்சுது. ஒருத்தி அழுதே போட்டாள்.

பிறகு பார்த்தால் ஒண்டும் போகேல்ல. பழசை மீட்டாலும் அதுக்கு முதல் இருந்தது பதிப்பு வரலாற்றில கிடக்கும். காலமைப் பதிப்பை வேற பிரதியா எடுத்து வைச்சிட்டு, பின்னேரப் பதிப்பை மீட்டு, அவன்ர ஒரு ஸ்லைட்டை மட்டும் இறக்குமதி செய்தம். ஆனால் ரெண்டு கோப்பை ஒப்பிட்டுக் காட்டுற வசதி கூகுள் டாக்ஸில இருக்கு, ஸ்லைட்ஸில இல்லை. ரெண்டு மடிக்கணினியைப் பக்கத்தில வைச்சுத்தான் பார்த்தனாங்கள். அண்டைக்குப் பிறகு வேலை முடிச்சு எழும்பேக்க பதிப்புக்குப் பேர் வைச்சிட்டுத்தான் எழும்புறது.

கோவை லெக்சரர்

ஜன்னல் கண்ணாடி சார், சிரித்து முடியவில்லை.

சிவில் ஃபைல் என்ன ஆயிற்று என்று இன்பாக்ஸில் இரண்டு பேர் கேட்டார்கள். சாரையே வரவழைத்தேன். வியூ டேபில் அரேஞ்ச் ஆல் கொடுத்தால் இரண்டு ஃபைலும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக நிற்கும். அவர் துறை ஸ்லைடுகள் பன்னிரண்டுதான். அவர் தன் ஸ்லைடைச் சத்தமாக வாசிக்க, நான் தாய் ஃபைலில் தட்டினேன். ஸ்லைடை ஒட்டவில்லை, எழுத்தை மட்டும் எடுத்தேன், அதனால் நாலாவது நீலம் வரவில்லை. நாற்பது நிமிஷம், நடுவில் கேன்டீன் பஜ்ஜி. வாசிக்கும்போது அவர் எண்ணிலேயே இரண்டு தப்பை அவரே பிடித்தார். மற்ற ஃபைல்களிலும் இப்படி எத்தனை இருந்ததோ, நான் டிக் போட்டுத் தள்ளிவிட்டேன்.

நேற்று ஸ்டாஃப் ரூமில் சிவில் சார் சொல்கிறார்: "மேடம், அந்த ஃபைனல் பிபிடி இருந்தா அனுப்புங்க. டெம்ப்ளேட் கொஞ்சம் மாத்திப் பாக்கணும்."

பிடிஎஃப் ஆக்கி அனுப்பியிருக்கிறேன்.