கலைச்சொல் தேவை: சைபர்பங்க் துப்பறியும் ஆட்டம் (அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கணினி ஆட்டத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஓயாத மழையும் நியான் வெளிச்சமுமாக ஒரு வருங்கால நகரம். ஆடுபவர் துப்பறிவாளராக வேடமேற்றுக் கொலை வழக்குகளைத் துலக்க வேண்டும். உரையாடல்கள் முடிந்துவிட்டன. முகப்பில் வரும் மூன்று வகைப்பெயர்கள்தாம் பாக்கி: சைபர்பங்க், டிடெக்டிவ், ரோல்பிளேயிங். பின்னிரண்டுக்குத் ‘துப்பறிதல்’, ‘வேடமேற்பு’ என்று வைத்திருக்கிறேன். முதலாவதுதான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பெயருக்கு 16 குறியீடுகளுக்கு மேல் இடம் கிடையாது. திங்கள் காலை கோப்பு போயாக வேண்டும்.

– வெ.

*

அக்கா, சைபர்பங்க் என்றே விட்டுவிடுங்கள். ஆடுகிற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். யாருக்கும் புரியாத சொல்லைப் போட்டால் ஆட்டத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

– க.

*

தம்பி க., ஆடுகிறவர்கள் சொல்வதையே எழுதுவதென்றால் இந்தக் குழு எதற்கு?

வேரிலிருந்து வருவோம். 1948இல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், இயந்திரங்களும் உயிர்களும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வதை ஆராயும் துறைக்குச் ‘சைபர்னெடிக்ஸ்’ என்று பெயரிட்டபோது எடுத்துக்கொண்டது கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் சொல். நம்மிடம் அவனுக்குப் பெயர் இல்லையா? மீகாமன், மீகான், நீகான். அகநானூறு 255ஆம் பாட்டில் ‘நீகான், மாட ஒள்ளெரி மருங்கறிந்து ஒய்ய’ என்று வருகிறது. கலங்கரை விளக்கத்தின் ஒளியைப் பார்த்துக் கலத்தைத் திருப்புகிறான். குறி பெறுவது, அதற்கேற்பத் திருத்திக்கொள்வது: வீனர் சொன்ன பின்னூட்டம் இதுதானே? நீர் + காண்பான் என்பதே நீகான் ஆயிற்று என்பது என் துணிபு. மற்றோர் வேறு சொல்லலாம்.

அடுத்தது ‘பங்க்’. அடங்காதவன், தறுதலை. தறுதலையை வசவு என்று ஒதுக்க வேண்டாம். ‘கல்வி தறுகண் இசைமை கொடையெனச் சொல்லப்பட்ட பெருமிதம் நான்கே’ என்பது தொல்காப்பியம். தறுகண் என்றால் அஞ்சாமை. தறுகண்ணுக்கும் தறுதலைக்கும் உறவு உண்டு. ஆக, மீகாமனின் ‘மீ’யும் தறுகண்ணும் சேர்ந்து ‘மீத்தறுகண்’. என் பரிந்துரை இதுவே.

– செ.

*

> ‘மீத்தறுகண்’

செ. ஐயா, கண் மருத்துவமனைப் பலகை மாதிரி இருக்கிறது. தவிர, ‘மீ’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது: மீயுரை (ஹைப்பர்டெக்ஸ்ட்), மீத்திறன் கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்). அதைச் சுக்கானுக்கும் கட்டினால் குழப்பம்தான்.

இந்தச் சொல் பிறந்த கதைக்குக் கிரேக்கம் வரை போக வேண்டாம். புரூஸ் பெத்கி என்ற அமெரிக்கர் 1980இல் எழுதி 1983இல் அச்சான சிறுகதையின் தலைப்பு அது. நுட்பத் துறைச் சொற்களையும் அடங்காத இளைஞர்களைக் குறிக்கும் சொற்களையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்துப் பிடித்தார். 1984இல் வில்லியம் கிப்சனின் ‘நியூரோமான்சர்’ நாவல் வந்த பிறகு அது ஒரு வகைமையின் பெயராக நிலைத்தது. வானளாவிய நுட்பம், கீழ்த்தட்டு வாழ்க்கை. ஊரை ஆள்வது நிறுவனங்கள், சந்தில் பிழைப்பவன் நாயகன். இதைச் சொல்ல ‘மின்கலகம்’ போதும். புனைவு என்று தெரிய வேண்டுமானால் ‘மின்கலகப்புனைவு’.

க. தம்பிக்கு ஒன்று. அதே பெயரில் 1988இல் மைக் பாண்ட்ஸ்மித்தின் மேசை ஆட்டம் வந்தது. அதன் வழியில் வந்த கணினி ஆட்டம் 2020இல் வெளியாயிற்று. வகைமைக்கும் அந்த ஆட்டத்துக்கும் ஒரே ஒலிபெயர்ப்பு என்றால் எதைச் சொல்கிறோம் என்று எப்படித் தெரியும்?

– இரா.

*

ஆங்கிலத்தில் மட்டும் எப்படித் தெரிகிறதாம், இரா. அண்ணா?

– க.

*

நான் இடையில் வாறதுக்கு மன்னிக்கவும். ‘பங்க்’ என்று தமிழில் எழுதினால் தமிழ்நாட்டில் இருக்கிறவைக்குப் பெற்றோல் போடுகிற இடம்தான் ஞாபகம் வரும் என்று நினைக்கிறன். எங்களுக்கு அது ‘பெற்றோல் செட்’, ஆகவே பிரச்சினை இல்லை. ஆனால் ‘மின்கலகம்’ எங்களுக்கும் ஏலாது. மின்கலம் என்றால் பற்றரி. வேகமாக வாசிக்கிற கண் நடுவில் இருக்கிற ‘க’வை விழுங்கிவிடும். வெ., ஆட்டத்தில் பற்றரி வருகுதோ?

– மு.

*

வருகிறது. பொருள்பையில் ஏழெட்டு வகை. எல்லாவற்றுக்கும் ‘மின்கலம்’ என்றே போட்டிருக்கிறேன். ஐயோ.

மின்கலக புனைவு என்றால் இடமும் பிரச்சினை. எழுத்து எட்டுதான், ஆனால் இந்த மென்பொருள் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகிறது.

– வெ.

*

வெ. அம்மா, ‘மின்கலகப் புனைவு’. ஒற்று மிகும். இடமில்லை என்பதற்காக ஒற்றைத் தின்னக் கூடாது.

புள்ளியைத் தனிக்குறியாக எண்ணுகிறதாமே! ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்று நூற்பா இருக்கிறது. புள்ளி என்பது மெய்யின் இயல்பு, அதற்குத் தனி இருப்பு ஏது? இந்த ஒருங்குறி (யூனிகோட்) ஏற்பாட்டைப் பற்றி அன்றே நான் இங்கே எழுதினேன், எவர் கேட்டார்?

ஒற்று என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘துப்பறிதல்’ எதற்கு? ‘ஒற்றாடல்’ என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ‘துறந்தார் படிவத்தராகி இறந்தாராய்ந்து என்செயினும் சோர்விலது ஒற்று’. உங்கள் வேடமேற்பும் இதிலேயே அடங்கிவிட்டது. மூன்று பெயர் இரண்டாகிவிடும்.

– செ.

*

சேர்த்து எழுதினால் ப்-உடன் 15 குறியீடு. நுழையும்.

ஒற்றாடலில் எனக்கு உடன்பாடில்லை. ஒற்றன் அரசனுடைய ஆள். பார்த்ததை அரண்மனைக்குச் சொல்வதே அவன் தொழில். இந்தக் கதைகளின் துப்பறிவாளன் கூலி வாங்கினாலும் அரண்மனையை நம்பாதவன். பாதி வழக்குகளில் குற்றவாளியே அரண்மனைதான். அவனை ஒற்றன் என்றால் அவனே சண்டைக்கு வருவான்.

– இரா.

*

பெயராக வேண்டாம், ஆனால் செ. ஐயா சொன்ன அதிகாரம் எனக்கு உதவுகிறது. ஆட்டத்தில் ஒரு சாட்சி சொன்ன தகவல் குறிப்பேட்டில் சாம்பல் நிறத்தில்தான் ஏறும். வேறொரு சாட்சியோ தடயமோ அதை உறுதிப்படுத்தினால் மஞ்சளாகும். மஞ்சளானதை மட்டுமே விசாரணையில் பயன்படுத்தலாம். ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்’ என்பது அப்படியே இந்த விதிதான். உதவிக் குறிப்பில் சேர்த்துவிட்டேன்.

சைபர்பங்குக்கு யாராவது வழி சொல்லுங்கள். ‘மின்னிருள்’ என்று ஒன்று தோன்றியது.

– வெ.

*

கரண்ட் போன மாதிரி இருக்கிறது அக்கா.

– க.

*

‘மின்னிருள்’ வடிவான சொல். ஆனால் அதில் கலகம் இல்லை, மனநிலை மட்டும்தான் இருக்கு. ‘நுட்பக்கலகம்’ என்றால் என்ன? பற்றரிக் குழப்பமும் வராது.

– மு.

*

நுட்பத்துக்கு எதிரான கலகம் என்று படிக்க இடமிருக்கிறது. இந்த நாயகர்கள் நுட்பத்தை எதிர்ப்பதில்லை, திருடிப் பயன்படுத்துகிறார்கள்.

கலகம் வடசொல் என்று யாரும் கிளப்புவதற்குள் ஏதாவது ஒன்றை முடிவு செய்துவிடுவோமே?

– இரா.

*

கலகம் வடசொல் அன்று என்பது என் துணிபு. கலங்கு, கலக்கு, கலாம், கலகம் என்று ஒரே வேரில் வரிசையாக நிற்பதைப் பாருங்கள். ‘கலஹ’ என்பது அங்கே போனது என்றே நான் கொள்கிறேன். விரிவாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இரவு அனுப்புகிறேன்.

– செ.

*

ஐயா, இரவு அனுப்பினால் எனக்குப் பயன்படாது. இதுவரை வந்ததை வைத்து ‘சைபர் கலகம்’ என்று போடுகிறேன். முன்பாதி க. போன்றவர்களுக்கு, பின்பாதி இங்குள்ளவர்களுக்கு. 11 குறியீடுதான். மறுப்பு இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சொல்லுங்கள்.

– வெ.

*

சரி.

– க.

*

பிடிக்கவில்லை, ஆனால் இதைவிட நல்லது கையில் இல்லை. ஆம்.

– இரா.

*

ஓம். அடுத்த பதிப்பில் ‘நுட்பக்கலகம்’ திரும்பவும் கேட்பன்.

– மு.

*

என் மறுப்பைப் பதிவில் வைக்கவும். கணக்குத் தேர்வில் ‘சைபர் வாங்கினான்’ என்று சொல்லும் மக்களிடம் ‘சைபர் கலகம்’ என்றால் கலகமே நடக்கவில்லை என்றுதான் கொள்வார்கள். நான்கு பேர் கை தூக்கியதால் சொல் பிழைத்துவிடாது. மீத்தறுகண் கிடக்கட்டும், ‘மீகலகம்’ என்றாவது வைத்திருக்கலாம். கலகத்தின் வேர் பற்றிய குறிப்பு தனி மடலில் வருகிறது, சற்று நீளம்.

– செ.

*

கோப்பு போய்விட்டது ஐயா. உடலுக்குள் பொருத்தும் கருவிக்கு ‘உள்வைப்பு’ என்று போட்டேன், அதற்கும் புகார் இருந்தால் திருத்தத்துக்கு அடுத்த வாரம் வரை நேரம் இருக்கிறது.

– வெ.