காட்ஸ்வோல்ட்ஸில் எந்த ஊரில் தங்குவது? அப்பா அம்மாவோடு நான்கு இரவு

ரெடிங்வாசி:
வணக்கம். ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து இங்கே இங்கிலாந்துக்கு, ரெடிங்கில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். போன தடவையே லண்டனைச் சுற்றிக் காட்டியாகிவிட்டது, இந்த முறை இங்கிலீஷ்காரன் கிராமம் எப்படி இருக்கும் என்று பார்க்கணும் என்பதில் அப்பா பிடிவாதமாக இருக்கிறார். அதனால்தான் பழைய கல் வீட்டுக் கிராமங்கள் நிறைந்த காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதி. அவர்கள் இருவர், நான், மனைவி, ஆறு வயது மகள், மொத்தம் ஐந்து பேர். அப்பாவுக்கு மூட்டுவலி, சமதரையில் நன்றாக நடப்பார், படிக்கட்டைப் பார்த்தால் முகம் மாறிவிடும். அம்மா சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார். எங்களிடம் கார் இல்லை, லைசென்ஸ் இருக்கிறது, வேண்டுமானால் வாடகைக்கு எடுக்கலாம். அங்கே பைபரி என்கிற கிராமத்து வரிசை வீடுகளின் படத்தைப் பார்த்ததிலிருந்து அங்கேதான் தங்கணும் என்கிறாள் மனைவி. எனக்கு எந்த ஊர் என்பதும் குழப்பம், நாமே சமைத்துக்கொள்கிற வாடகைக் காட்டேஜா, காலை உணவோடு அறை தருகிற பி அண்ட் பியா, பப்புக்கு மேலே இருக்கிற அறையா என்பதும் குழப்பம். போய்த் தங்கினவர்கள் சொல்லுங்கள்.

ஈரக்குடை:
பைபரியைப் பார்க்கப் போங்கள், தங்கப் போகாதீர்கள். ஆர்லிங்டன் ரோ என்கிற அந்த வரிசை 1380 வாக்கில் கம்பளி சேர்த்துவைக்கக் கட்டியது, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றினார்கள், அழகுதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் ஊர் சின்னது, நிதானமாகச் சுற்றினாலும் ஒரு காலைப்பொழுது தாங்காது. சீசனில் பகல் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம், ரயில் கிடையாது, பஸ்ஸை நம்பிப் போகிற ஊரும் அல்ல. ராத்திரி பால் தீர்ந்துபோனால் கார் இல்லாமல் என்ன செய்வீர்கள்?

நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான். பகல் பதினோரு மணிக்கு ஊர் எப்படி இருக்கும் என்று பார்த்துத் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே என்ன இருக்கும் என்று பாருங்கள். ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். சுற்றிவிட்டுத் திரும்பிய பிறகும் மூன்று மணிநேரம் கையில் மிச்சம், அதை எங்கே கழிக்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. நடக்கச் சமதரை, உட்கார ஒரு பெஞ்சு, திறந்திருக்கிற ஒரு கடை, ரயிலோ பஸ்ஸோ, இவ்வளவும் உள்ள ஊர் என்றால் உங்களுக்கு மோர்ட்டன்-இன்-மார்ஷ்தான். ரெடிங்கிலிருந்து நேர் ரயில், ஆக்ஸ்ஃபோர்டு வழியாக, மாறி ஏற வேண்டாம். மூன்று பேருக்கு மேல் சேர்ந்து போகிறீர்கள், நெரிசல் நேரம் தவிர்த்தால் குரூப்சேவ் கேட்டு வாங்குங்கள், டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மோர்ட்டன் கடைத்தெரு என்பது ரோமானியர் போட்ட ஃபாஸ் வே, இன்றைக்கு அதுதான் ஏ429 நெடுஞ்சாலை, லாரி போய்க்கொண்டே இருக்கும். தெருவைப் பார்த்த அறை வேண்டாம், பின் தெருவில் வீடு பாருங்கள்.

அங்கிருந்து 801 பஸ் ஸ்டோ-ஆன்-த-வோல்ட், போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் வழியாகச் செல்ட்டனம் வரை போகிறது. போர்ட்டனில் விண்ட்ரஷ் ஆறு கணுக்கால் அளவுதான், குறுக்கே தாழ்வான கல் பாலங்கள், உங்கள் மகளைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுப்பது உங்கள் பாடு. அங்கிருந்து லோயர் ஸ்லாட்டருக்கு வயல் வழியாக நடைபாதை, ஒரு மைலுக்குச் சற்று மேல், ஏற்றம் என்று எதுவும் இல்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் சேறு.

சமையல்கட்டு:
அம்மா சைவம் என்றால் யோசிக்கவே வேண்டாம், காட்டேஜ்தான். பப்பில் சைவம் கிடைக்கும், இப்போது நிறையவே கிடைக்கும், ஆனால் நேரம்தான் சிக்கல். பல இடங்களில் மதியம் இரண்டரைக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள், ராத்திரி ஒன்பதுக்கு மேல் போய்க் கேட்டால் சிப்ஸ் பாக்கெட்தான், ஞாயிறு சாயங்காலம் சமையலறையே திறக்காத பப் ஏராளம். நம் வீட்டுப் பெரியவர்கள் ஒன்பது மணிக்கு ரசம் சாதம் கேட்பவர்கள்.

காட்டேஜ் எடுக்கும்போது படுக்கையறைப் படத்தைப் பார்த்து மயங்காமல் அடுப்பின் படத்தைப் பாருங்கள். ஆகா என்று ஒரு கனத்த இரும்பு அடுப்பு சில பழைய வீடுகளில் இருக்கும், எப்போதும் சூடாகவே கிடக்கும், பார்க்க ராஜா மாதிரி, ஆனால் தீயைக் கூட்டிக் குறைக்க முடியாது, தாளிக்க அது சரிப்படாது. கேஸோ இண்டக்‌ஷனோ இருக்கிறதா என்று கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் உங்கள் அலுமினிய வாணலி ஏறாது, அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் கொண்டுபோங்கள். அப்புறம் ஸ்மோக் அலாரம். பழைய வீடுகளில் கூரை கைக்கெட்டும் உயரம், கடுகு வெடித்து மிளகாய் வற்றல் கருகினதும் அது கத்த ஆரம்பிக்கும், தெருவே எட்டிப்பார்க்கும். ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள். அலாரத்தைத் துண்டால் மூடுகிற வேலை மட்டும் வேண்டாம், வீட்டுக்காரர்கள் அதற்குக் கோபப்படுவது நியாயம்தான்.

இன்னொன்று. காட்டேஜ்களில் குறுகிய தங்கல் என்றால் பெரும்பாலும் வெள்ளி முதல் திங்கள் வரை, இல்லாவிட்டால் திங்கள் முதல் வெள்ளி வரை. நான்கு இரவுக்கு இரண்டாவதுதான் பொருந்தும், பொதுவாக அதுதான் விலையும் குறைவு. மோர்ட்டனில் செவ்வாய்க்கிழமை சந்தை, அதுவும் அதற்குள்ளேயே வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை பஸ் தொல்லையும் இல்லை.

நடைராஜா:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் கார் இல்லாமல் காட்ஸ்வோல்ட்ஸ் போவது பாதி பார்த்த மாதிரிதான். நான் என்றால் சிப்பிங் கேம்டனில் தங்குவேன். 1627இல் கட்டிய சந்தை மண்டபம் நடுத்தெருவில் இன்னும் நிற்கிறது, உள்ளே போய் நின்றால் தரைக்கல் தேய்ந்து பள்ளம் பள்ளமாக இருக்கும். பாத் நகரம் வரைக்கும் 102 மைல் போகிற காட்ஸ்வோல்டு வே நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது, முழுக்க நடக்க வேண்டாம், டோவர்ஸ் ஹில் வரை போனால் போதும், கீழே ஈவ்ஷம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். பிராட்வே டவர் என்கிற பழைய கோபுரமும் காரில் பக்கம்தான். இடதுபக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவ்வளவுதான்.

ஈரக்குடை:
நடைராஜா அண்ணே, நீங்கள் சொல்கிற கேம்டன் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் பிரச்சினை டோவர்ஸ் ஹில் இல்லையே, அப்பாவின் முட்டி. அப்புறம் அந்த ஒற்றைவழிப் பாதைகள். இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, எதிரே டிராக்டர், பின்னால் ஒரு வேன், ஒதுங்குகிற இடம் வரை ரிவர்ஸ் எடுக்க வேண்டியது நீங்கள்தான். முதல்முறை ஓட்டுகிறவர் பின்சீட்டில் அம்மாவையும் வைத்துக்கொண்டு அதைச் செய்வதா? நான்கு நாளில் ஒரு நாள் டாக்ஸி பேசிக்கொண்டால் பைபரியும் பார்த்துவிடலாம், வீட்டம்மாவும் சமாதானம்.

லீட்ஸ் தம்பி:
எல்லாரும் ஏன் காட்ஸ்வோல்ட்ஸையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? வடக்கே யார்க்ஷயர் டேல்ஸ் பக்கம் வாருங்கள், கிராசிங்டன் மாதிரி ஊரில் தங்கினால் கூட்டமும் குறைவு, காசும் குறைவு. மாலம் கோவ் என்று 80 மீட்டர் உயரத்துக்குச் சுண்ணாம்புக்கல் சுவர் ஒன்று இருக்கிறது, அடிவாரம் வரை நல்ல பாதை போட்டிருக்கிறார்கள்.

சமையல்கட்டு:
தம்பி, ரெடிங்கிலிருந்து அங்கே வர அரைநாள் போய்விடும், போக அரை வர அரை என்று ஒரு நாள் பயணத்திலேயே கழிந்துவிடும். ஒரு வாரம் லீவு இருக்கிறவர்களுக்கு நீங்கள் சொல்வது நல்ல யோசனை.

ரெடிங்வாசி:
எல்லாருக்கும் நன்றி. திங்கள் முதல் வெள்ளி என்று முடிவு செய்தாகிவிட்டது, மனைவியும் டாக்ஸி யோசனைக்கு ஒத்துக்கொண்டாள், லேசான முறைப்போடு. இப்போது இரண்டு வீடு கையில் இருக்கிறது. ஒன்று ஸ்டோவில், சதுக்கத்துக்குப் பக்கத்தில், அழகான வீடு, படுக்கையறைகள் எல்லாம் மாடியில். இன்னொன்று மோர்ட்டனில் பின் தெரு, கீழே ஒரு படுக்கையறையும் குளியலறையும் இருக்கிறது, ஆனால் படத்தில் குளியல் தொட்டி மட்டும்தான் தெரிகிறது. எதை எடுக்க?

சமையல்கட்டு:
ஸ்டோவை விடுங்கள். பழைய காட்டேஜ் மாடிப்படி என்றால் பாதிக்குப் பாதி ஏணிதான், செங்குத்தாக, கடைசியில் ஒரு திருப்பம், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்கிறவருக்கு அது ஆகாது. மோர்ட்டன் வீட்டில் தொட்டியைத்தான் விசாரிக்க வேண்டும். முட்டியளவு விளிம்பைத் தாண்டி வழுக்குகிற தொட்டிக்குள் நின்று குளிப்பது, மாடிப்படியைவிட மோசம். தனி ஷவர் இருக்கிறதா, இல்லையென்றால் சுவரில் கைப்பிடி இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், படமும் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஈரக்குடை:
ஆமாம், ஸ்டோ 800 அடி உயரத்தில் இருக்கிறது, ஜூனிலும் சாயங்காலம் காற்று குத்தும், மதுரைக்காரர்களுக்கு ஸ்வெட்டர் இல்லாமல் ஆகாது. பகலில் பஸ்ஸில் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், போதும்.

மோர்ட்டன் என்றால் அப்பாவுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ஊருக்குப் பக்கத்திலேயே செசின்கோட் என்று ஒரு மாளிகை, கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்துக்கொண்டு போன குடும்பம் 1805 வாக்கில் முகலாய பாணியில் கட்டிக்கொண்டது. மேலே செம்பு போர்த்திய வெங்காயக் குவிமாடம், தோட்டத்துப் பாலத்தின்மேல் நந்திகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், சூரியனுக்கு ஒரு சின்னக் கோயிலும் உண்டு. தோட்டம் வாரத்தில் சில பிற்பகல்கள் மட்டும்தான் திறப்பார்கள், நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். பாதை சரிவு, ஆகவே டாக்ஸி பேசுகிற நாளிலேயே இதையும் சேர்த்துவிடுங்கள்.

ரெடிங்வாசி:
மோர்ட்டன் வீட்டுக்காரரிடமிருந்து பதில் வந்துவிட்டது, தொட்டிக்குப் பக்கத்திலேயே தனி ஷவர், படத்தில் விழவில்லையாம். அடுப்பு கேஸ். இன்று ராத்திரி முன்பணம் கட்டுகிறேன்.

சமையல்கட்டு:
சாவி பிற்பகல் நான்கு மணிக்கு மேல்தான் தருவார்கள், வெள்ளிக்கிழமை காலை பத்துக்குள் காலி பண்ணச் சொல்வார்கள். பெட்டியை அதுவரை எங்கே வைப்பது என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள். பெருங்காயம், புளி, கறிவேப்பிலையெல்லாம் ரெடிங்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.