புதுப்பிப்பு: விண்ட்சாட் காற்றுத் திசை 180 பாகை புரண்டிருந்தது, தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஹவாய் அருகே கடல் மிதவை காட்டும் காற்றுத் திசை கிழக்கு, விண்ட்சாட் (கடல்மேல் காற்றை நுண்ணலைக் கதிர்வீச்சு வழியே அளந்த செயற்கைக்கோள் கருவி) கோப்பிலோ மேற்கு. "இரண்டும் ஒரே வழக்கத்தில்தான் இருக்கிறதா பாருங்கள்" என்ற யோசனை பலித்தது. மிதவை தருவது காற்று வரும் திசை. என் கோப்பில் இருந்தது போகும் திசை. 180 கூட்டி, 360-ஐத் தாண்டினால் 360 கழித்தேன். சரியாகிவிட்டது. ஒரு வாரம் ஸ்டோக்ஸ் அளவுருக்களை (கடலிலிருந்து வரும் நுண்ணலையின் முனைவாக்கத்தைச் சொல்லும் நான்கு எண்கள்) சந்தேகித்தது வீண்!

எதிர்பாராத ஒன்று: நொடிக்கு 5 மீட்டருக்குக் குறைந்த காற்றில் திசை மதிப்புகளின் சிதறல் அப்படியே இருக்கிறது. இது பிழையில்லை. திசையைக் காட்டிக்கொடுக்கும் மூன்றாம், நான்காம் ஸ்டோக்ஸ் சைகைகள் பலத்த காற்றிலேயே சில கெல்வின்தான். மெல்லிய காற்றில் இரைச்சலில் மூழ்கிவிடும். அந்தப் புள்ளிகளையும், அப்புறம் மழை பெய்த இடங்களையும் ஒதுக்கிவிட்டேன்.