புது ஸ்பிரிங் போட்டும் முன்பக்கம் வலது புறம் தாழ்ந்தே நிற்கிறது: ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, 1968

முத்தியால்பேட்டை ஸ்பிட்ஃபயர்:
வணக்கம். அப்பா ஆசையாக வைத்திருந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மூன்று வருடமாக ஒவ்வொன்றாகச் சரி செய்துகொண்டு வருகிறேன். முன்பக்கம் வலது புறம், ஓட்டுபவர் பக்கம், தாழ்ந்து நிற்கிறது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் இடதை விட வலது 25 மி.மீ. குறைவு. புதுச்சேரியிலேயே ஒரு பட்டறையில் முன் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் ஜோடியாக மாற்றினேன். அப்படியும் 22. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. டயர் காற்று இரண்டு பக்கமும் சமம். வலது ஸ்பிரிங்குக்கு வாஷர் வைத்துத் தூக்கிவிடலாமா?

கடலூர் ஹெரால்டு:
வாஷர் வேண்டாம் தம்பி, காரணம் தெரியட்டும். என்னிடம் இருப்பது மெட்ராஸில் கட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள், முன் சஸ்பென்ஷன் அமைப்பும் அதேதான்.

முதலில் உங்கள் அளவையே நம்ப முடியாது. இந்த வண்டியில் முன் மட்கார்டு இரண்டும் பானெட்டோடு ஒரே துண்டு. பானெட் கீல் கொஞ்சம் கோணலாக இருந்தாலே ஒரு பக்கம் தாழ்ந்து தெரியும். கீழ் விஷ்போனின், அதாவது சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் V வடிவக் கையின், உள் போல்ட்டிலிருந்து தரைக்கு அளங்கள். வீட்டு போர்டிகோவில் வேண்டாம், மழைத்தண்ணீர் ஓட அதைச் சாய்வாகத்தான் போட்டிருப்பார்கள். கொத்தனாரின் டியூப் லெவல் கிடைத்தால் நான்கு சக்கரத்துக்கும் தரை மட்டம் பாருங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்காதீர்கள். பின்னால் ஸ்விங் ஆக்சில், சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்சிலோடு சேர்ந்து சாயும். அதனால் இறக்கியதும் சக்கரத்தின் கீழ்ப்பகுதி உள்ளே மடங்கி நிற்கும், பத்தடி உருட்டினால்தான் படியும்.

அப்புறம், பின்னால் நின்று பாருங்கள். பின் சக்கரங்களில் எதன் மேல்பகுதி அதிகமாக உள்ளே சாய்ந்திருக்கிறது?

முத்தியால்பேட்டை ஸ்பிட்ஃபயர்:
அண்ணா, உண்மையிலேயே பானெட் கோணல்தான். சேஸியில் வித்தியாசம் 14 மி.மீ. பின்னால் வலது சக்கரம் நன்றாகவே உள்ளே சாய்ந்திருக்கிறது. இத்தனை நாள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கடலூர் ஹெரால்டு:
நினைத்தேன். மார்க் 3-இல் பின்னால் குறுக்கே ஒரே பட்டா செட், அதாவது எஃகுப் பட்டாக்களை அடுக்கிய ஸ்பிரிங். அது டிஃபரன்ஷியல் (பின் ஆக்சில் நடுவில் உள்ள கியர் பெட்டி) தலையில் அசையாமல் இறுக்கியிருக்கும். மார்க் 4-இல் ஒரு பட்டா தவிர மற்றவை நடுவில் அசையும்படி மாற்றினார்கள். உங்களுடையதில் பட்டா செட்டின் வலது பாதி தளர்ந்தால் பின்பக்கம் சாய்வதோடு நிற்காது, பாடி முழுவதையும் வலது பக்கம் இழுக்கும். முன்னால் எத்தனை புது ஸ்பிரிங் போட்டாலும் அது சாயத்தான் செய்யும்.

ஒரு சோதனை. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டிஃபரன்ஷியல் நடுவில் ஜாக்கி கொடுத்து, பின் சக்கரம் தரையை விடும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். அடியில் போகவே கூடாது. இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்பதால் சாய்வை முன்பக்கம் மட்டுமே தீர்மானிக்கும். அப்போது முன்பக்கத்தை வெளியிலிருந்தே கையை நீட்டி அளங்கள். அளவு சமமானால் கோளாறு பின்னால்.

லாஸ்பேட்டை மெக்கானிக்:
இன்னொன்று சார். புது ஸ்பிரிங் போட்டபோது விஷ்போன் போல்ட்டை வண்டி தூக்கியிருக்கும்போதே இறுக்கினார்களா? அப்படியென்றால் அந்த போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு வண்டியைத் தூக்கிப் பிடிக்கும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்காது. வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது நட்டைத் தளர்த்தி, முன்பக்கத்தை நாலு முறை அமுக்கிவிட்டு இறுக்குங்கள். ஆன்டி ரோல் பாரின் (வளைவில் வண்டி சாயாமல் இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) ஒரு பக்க லிங்க்கையும் கழற்றிப் பாருங்கள், சுலபமாக வந்தால் சரி, இழுத்துக்கொண்டு வந்தால் அதுவும் சாய்க்கிறது என்று அர்த்தம். ஷாக் மாற்றியதால் உயரத்துக்கு ஒரு பயனும் இல்லை. அது ஆட்டத்தைத்தான் அடக்கும், எடையைச் சுமப்பது ஸ்பிரிங்.

முத்தியால்பேட்டை ஸ்பிட்ஃபயர்:
இரண்டு நாள் ஆயிற்று. பின்பக்கம் தூக்கியதும் 14 மி.மீ. 5 ஆனது. பிறகு இறக்கி, உருட்டி, புஷ் நட்டுகளைத் தளர்த்தி இறுக்கினேன். மறுபடி தூக்கி அளந்தால் 2. லிங்க் சுலபமாகவே வந்தது.

பின் பட்டா செட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோதுதான் தெரிந்தது: வலது பக்கம், மேலிருந்து மூன்றாவது பட்டா, நடு போல்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி உடைந்திருக்கிறது. கடல் காற்றில் துரு ஏறி, வெடிப்பு வெளியே தெரியாமல் மூடிக்கொண்டிருந்தது. லாரிப் பட்டா பட்டறையில் கொடுத்து வெல்டு வைக்கலாமா?

கடலூர் ஹெரால்டு:
வெல்டு கூடவே கூடாது. ஸ்பிரிங் எஃகில் சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும், பக்கத்திலேயே மறுபடி உடையும். உடைந்ததை மட்டும் மாற்றினாலும் மற்றவை அதே வயது. முழுச் செட்டே வாங்குங்கள், பிரிட்டனில் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. அதுவரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

பட்டா வரும்வரை சும்மா இருக்கும் நேரத்தில் முன் டிரன்னியனைப் பாருங்கள், கீழ் விஷ்போன் முனையில் சக்கரம் திரும்ப உதவும் மரையுள்ள இணைப்பு அது. அதற்கு கிரீஸ் அல்ல, 90 கியர் ஆயில். அது காய்ந்தால் தண்ணீர் இறங்கித் துரு பிடித்து, ஓடும்போதே அதில் திருகியிருக்கும் வெர்டிகல் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். என் ஹெரால்டுக்கு ஆயில் விடும் கன் இருக்கிறது, மஞ்சக்குப்பம் வந்தால் எடுத்துப்போகலாம்.

முத்தியால்பேட்டை ஸ்பிட்ஃபயர்:
ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன் அண்ணா. உடைந்த பட்டாவையும் கொண்டுவருகிறேன், ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.