தீவைப்பா, எரியூட்டலா, கொளுவலா? குற்றப் புள்ளிவிவரக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

காரைக்குடி, கல்லூரி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். ஒரு சொல் அவசரமாக வேண்டும். தமிழ்வழியில் சமூகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு, குற்றப் புள்ளிவிவரங்களை எங்கே தேடுவது, அதில் எதை எவ்வளவு நம்புவது என்று ஒரு சிறு கையேடு எழுதுகிறோம். கொலை, திருட்டு, வழிப்பறி எல்லாம் முடிந்தது. ‘ஆர்சன்’, அதாவது சொத்துக்கு வேண்டுமென்றே தீ வைக்கும் குற்றம், அந்தப் பகுதியில் மட்டும் நிற்கிறது. மூன்று பேர் மூன்று அத்தியாயம் எழுதினோம், ஒருவர் தீவைப்பு என்கிறார், ஒருவர் எரியூட்டல், இன்னொருவர் தீயிடல். படிக்கிற பிள்ளை இது மூன்றும் மூன்று குற்றம் என்று நினைத்துவிடும். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே சொல், அதற்கு ஒரு காரணம், இரண்டும் கிடைத்தால் போதும்.

கோட்டையூர், மொழிபெயர்ப்பாளர்:

தீவைப்பு என்றே போடுங்கள் அம்மா. நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சொல். ‘எரியூட்டல்’ வேண்டவே வேண்டாம், இரங்கல் செய்தியில்தான் அந்தச் சொல்லைப் பார்க்கிறோம், ‘உடல் எரியூட்டப்பட்டது’ என்று. குற்றப் பட்டியலில் அது வந்தால் மயான நினைவுதான் வரும். தீயிடல் பரவாயில்லை, ஆனால் யாரும் பேசுவதில்லை.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

எரியூட்டலை இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட்டது எனக்கு வருத்தம். சுந்தர காண்டத்தில் ‘இலங்கை எரியூட்டு படலம்’ என்றே ஒரு படலம் இருக்கிறது. கம்பன் கழகம் 1939இல் பிறந்த ஊரிலிருந்து கேட்கப்பட்ட கேள்விக்கு அதை எடுத்துச் சொல்லாமல் இருக்க முடியுமா? உண் என்பதன் பிறவினை ஊட்டு. ஊரைத் தீக்கு உணவாகக் கொடுப்பது எரியூட்டு. செய்கிறவன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு நோக்கம் இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு ‘ஊட்டு’க்குள் வந்துவிடுகிறது.

தொல்காப்பியத்துக்குப் போனால் இன்னும் தெளிவு. படையெடுப்பைப் பாடும் வஞ்சித்திணையின் துறைகளில் ‘எரிபரந்து எடுத்தல்’ வருகிறது, பகைவர் நாட்டைத் தீக்கொளுத்துவது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை இதையே உழபுல வஞ்சி என்று தனித்துறையாக்கி, ‘கூரெரி கொளீஇயன்று’ என்கிறது. கொள் என்பது தானே பற்றுவது. கொளீஇ, கொளுவு, கொளுத்து எல்லாம் பற்றவைப்பது. சம்பந்தர் தேவாரத்திலும் ‘கொளுவும் சுடர்’ இருக்கிறது, அதுவும் தங்கியிருந்த மடத்துக்கு இரவில் வைத்த தீ, அப்பட்டமான குற்றம். எனவே என் முன்மொழிவு ‘எரிகொளுவல்’. நீளம் என்றால் ‘கொளுவல்’ மட்டும் போதும்.

‘தீவைப்பு’ எனக்கு ஒவ்வாததற்குக் காரணம், வைப்பு என்றால் நம் ஊரில் வைப்புத்தொகைதான். வட்டிக்கடை நடத்திய ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் எளிதில் ஏறாது.

கோட்டையூர், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். நம் பக்கத்தில் வைக்கோல் படப்பு எரிந்தால் யாரும் ‘படப்பைக் கொளுவிட்டான்’ என்று சொல்வதில்லை, ‘படப்புக்குத் தீ வச்சுட்டான்’ என்றுதான் சொல்கிறார்கள். தெரு சொல்வதைக் கேட்டுச் சொல் எடுப்பதில் என்ன குறை? மாணவர் தேர்வில் எழுதி, பிறகு காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ வேலைக்குப் போய், அங்கே புரியாத சொல்லைச் சொல்லி நிற்கக் கூடாது.

தேவகோட்டை, வழக்கறிஞர்:

சொல்லை முடிவு செய்யும் முன் எதற்குச் சொல் தேடுகிறோம் என்று பாருங்கள், ஏனென்றால் புள்ளிவிவரத்தில் சிக்கலே அங்கேதான்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் ‘ஆர்சன்’ என்ற பெயரில் ஒரு குற்றமே கிடையாது. பிறருக்கு நட்டம் வர வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் செய்வது 425ஆம் பிரிவு, அதைத் தீயாலோ வெடிபொருளாலோ செய்தால் 435, வீடு, வழிபாட்டிடம், பொருள் வைத்திருக்கும் கட்டடம் என்றால் 436. 435இல் நூறு ரூபாய்ச் சேதம் என்று ஒரு வரம்பு இருந்தது, விளைபொருள் என்றால் பத்து ரூபாய். கோட்டையூர்க்காரர் சொன்ன படப்பு அந்தப் பத்து ரூபாய்க் கணக்கில் வரும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபின் இரண்டும் 326ஆம் பிரிவின் உட்பிரிவுகளாகிவிட்டன, ரூபாய் வரம்பும் போய்விட்டது. அதற்கு முந்தைய ஆண்டோடு பிந்தைய ஆண்டை ஒப்பிடுகிற மாணவர் இதைத் தெரிந்துகொண்டு ஒப்பிட வேண்டும்.

அப்புறம், தன் சொத்தையே எரித்தாலும் குற்றமாகலாம். காப்பீடு செய்த கப்பலை, காப்பீட்டுக்காரருக்கு நட்டம் வரட்டும் என்று வேண்டுமென்றே கரைதட்டவிட்டால் அதுவும் 425இல் வரும் சேதக் குற்றமே என்று சட்டமே உதாரணம் தருகிறது. கடைக்குத் தானே தீ வைத்தவனுக்கும் அதே கதிதான்.

எங்கே தேடுவது என்ற கேள்விக்கு என் பதில்: தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘இந்தியாவில் குற்றங்கள்’ அறிக்கை. 1953 முதல் வருகிறது, அதில் தீவைப்புக்குத் தனித் தலைப்பு உண்டு, மாநிலவாரியாகவும் பார்க்கலாம். ஆனால் அது தாமதமாக வரும். 2022ஆம் ஆண்டின் அறிக்கை 2023 டிசம்பரில்தான் வெளிவந்தது. பெரிய எச்சரிக்கை இனிமேல்தான்: ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், அதிகத் தண்டனை உள்ள ஒன்றை மட்டும் எண்ணுவார்கள். ஆளையும் கொன்று வீட்டையும் எரித்தால் அது கொலைப் பட்டியலுக்குப் போகும், தீவைப்பில் வராது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்து இறந்தார்கள். அப்படி ஒன்றை இந்த முறையில் எண்ணினால் தீவைப்பு வரிசையில் அதன் சுவடே இருக்காது. இதைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் கையேட்டில் போட்டால் பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

புதுவயல், தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

வக்கீல் சார் சொன்னது காவல்துறைக் கணக்கு. தீயணைப்புக் கணக்கு வேறு. தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை எண்ணுவது தீ அழைப்புகளை, குற்றங்களை அல்ல. நாங்கள் போனது எரியும் தீயை அணைக்க, வைத்தவன் யார் என்று தேட இல்லை. ஒரு தீ எங்கள் பதிவேட்டில் இருக்கும், காவல் நிலையத்தில் வழக்கே இருக்காது. அதனால் உங்களுக்கு ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும். வேண்டுமென்றே வைத்த தீ ஒன்று, அது சட்டத்தில் குற்றமாகப் பதிவானது ஒன்று, காரணம் தெரியாத தீ ஒன்று. இந்தக் கடைசியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். செய்தியில் எது எரிந்தாலும் மின்கசிவு என்று போட்டுவிடுவதைப் பார்க்கிறீர்கள், விசாரணை முடிவதற்கு முன்னாலேயே. காரணம் தெரியவில்லை என்று எழுத ஒரு நல்ல சொல் இருந்தால் அது நேர்மையான சொல்.

காரைக்குடி, கல்லூரி ஆசிரியை:

அண்ணன் சொன்னது மிகவும் உதவியாக இருக்கிறது, ஏனென்றால் வெளிநாட்டுப் பகுதியிலும் எனக்கு இதே முடிச்சு. இங்கிலாந்து அரசின் தீ புள்ளிவிவரம் ‘வேண்டுமென்றே வைக்கப்பட்டவை’ என்று ஒரு வகை வைத்திருக்கிறது, சந்தேகம் மட்டும் இருந்தாலும் அதில் சேர்க்கிறார்கள், அது ‘ஆர்சன்’ அல்ல என்று அவர்களே குறிப்பும் போடுகிறார்கள். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. எஃப்பிஐ 1979 முதல் இந்தக் குற்றத்தைத் தன் முக்கியக் குற்றங்களில் ஒன்றாக எண்ணுகிறது, அதில் சந்தேகத் தீயும் காரணம் தெரியாத தீயும் சேராது. ஆனால் நம்மைப் போலப் பெரிய குற்றத்துக்குள் இதை மறைப்பதில்லை, கொலையோடு சேர்ந்து நடந்தாலும் தனியாக எண்ணிவிடுகிறார்கள். அங்கேயே தீயணைப்புத் துறையின் தரவுத்தொகுப்பு இன்னொரு எண்ணைத் தரும். ஆக மூன்று நாட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘எங்கே அதிகம்’ என்று மாணவர் எழுதினால் அது தவறான கட்டுரை. சொற்களே இந்த வேறுபாட்டைக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அப்படியானால் சொற்கள் ஒரே வேரிலிருந்து கிளைக்க வேண்டும். கொளுவல், கொளுவற்குற்றம், அறியாத்தீ. பாருங்கள், எவ்வளவு ஒழுங்காக வருகிறது.

இன்னொன்று. தீ என்ற சொல்லையே நாம் சரியாக நினைத்துப் பார்ப்பதில்லை. ‘தீயவை தீய பயத்தலால் தீயவை தீயினும் அஞ்சப் படும்’ என்ற குறளில் தீமையும் நெருப்பும் ஒரே ஒலியில் நிற்கின்றன. தீவினை, தீச்செயல், தீநட்பு எதிலும் நெருப்பு இல்லை. எனவே ‘தீக்குற்றம்’ என்று யாராவது போடப்போனால், தீயாலாகிய குற்றமா, தீய குற்றமா என்று வேற்றுமைத்தொகைக்கும் பண்புத்தொகைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். எரி என்பதில் அந்த மயக்கம் இல்லை. எரி, எரு, எருவை என்று அந்த வேரைத் தொடர்ந்தால் செம்மை நிறம் வரை போகலாம்...

கோட்டையூர், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, எருவை வரை போனால் திங்கட்கிழமை போய்விடும். தீக்குற்றம் வேண்டாம் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் ‘கொளுவற்குற்றம்’ என்ற சொல்லை மாணவர் உச்சரிக்கவே தயங்குவார். கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துகிறோம், அந்த வேர் கோயிலிலும் இருக்கிறது, குற்றம் என்ற வாடை அதில் இல்லை. தீவைப்பு என்றால் குற்றம் என்று கேட்டதுமே தெரிகிறது. தனித்தமிழா, எளிய தமிழா என்ற சண்டையும் இங்கே இல்லை ஐயா, தீயும் தமிழ், வைப்பும் தமிழ்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தமிழ் என்பதை யார் மறுத்தது? எல்லாவற்றுக்கும் நாளிதழ்ச் சொல் போதும் என்றால் கலைச்சொல் ஆக்குவது எதற்கு? நாளிதழ், படப்பு எரிந்ததையும் தீ வைப்பு என்கிறது, மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு பெண்ணை எரித்ததையும் தீ வைத்து என்கிறது. இரண்டும் ஒரே பட்டியலிலா வரும்?

தேவகோட்டை, வழக்கறிஞர்:

ஐயாவின் இந்தக் கேள்வி நியாயமானது, இதுவரை யாரும் எழுப்பாதது. ஆள்மீது வைத்த தீ கொலை, கொலை முயற்சி, வரதட்சணை மரணம் என்று வேறு தலைப்புகளுக்குப் போகும், தீவைப்பு சொத்துக்கு எதிரான குற்றம் மட்டும்தான். பேருந்தை எரித்தால் 1984ஆம் ஆண்டின் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் வரும், அது சிறப்புச் சட்டங்களின் அட்டவணையில் இருக்கும். சொல் எதுவாக இருந்தாலும் கீழே ஒரு வரையறை வேண்டும்.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் தேவகோட்டை நீதிமன்றத்தைக் கொளுத்தினார்கள், திருவாடானைச் சிறையை உடைத்தார்கள். அன்றைய அரசின் ஏட்டில் அது குற்றம், எங்கள் ஊருக்கு அது பெருமை. குற்றப் புள்ளிவிவரம் என்பது அரசு எதைக் குற்றம் என்று பதிந்ததோ அதன் கணக்கு. எனவே ‘பதிவான தீவைப்பு’ என்று அட்டவணைத் தலைப்பில் கட்டாயம் போடுங்கள்.

காரைக்குடி, கல்லூரி ஆசிரியை:

சரி, எல்லோருக்கும் நன்றி. நாளை பக்கம் கட்ட வேண்டும், அதனால் இப்படி வைத்துக்கொள்கிறேன். பொதுவாகத் தீவைப்பு. சட்டத் தலைப்பாக வரும்போது தீவைப்புக் குற்றம், ‘க்’ விடாமல். தீயணைப்புத் துறைகளின் கணக்கு வரும் இடங்களில் ‘வேண்டுமென்றே வைத்த தீ’, நீளமாக இருந்தாலும் அப்படியே. காரணம் தெரியாதவற்றுக்கு ‘காரணம் அறியாத் தீ’, அது ஐயா கொடுத்த சொல்லை ஒட்டியது. பெரிய குற்றத்தை மட்டும் எண்ணும் முறைக்கு ‘முதன்மைக் குற்ற விதி’ என்று போடுகிறேன், மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள். ஆள்மீது வைத்த தீ இதில் சேராது என்பது முதல் பத்தியிலேயே வரும்.

புதுவயல், தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

எனக்குச் சம்மதம். மாணவர்களை ஒருமுறை பக்கத்து நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் பதிவேட்டில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்று கேட்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மை தீவைப்பு என்றால் நான் தடுக்கவில்லை. என் மறுப்பு பதிவாகட்டும். கையேட்டின் இரண்டாம் பதிப்பு வரும்போது கொளுவலை மறுபடி எடுத்துக்கொண்டு வருவேன். ‘முதன்மைக் குற்ற விதி’யும் சரியில்லை அம்மா, முதன்மை என்றால் முதலில் நடந்தது என்று பொருள்கொள்வார்கள். ‘பெருந்தண்டனைக் குற்ற விதி’ என்று போட்டால் எதை எண்ணுகிறார்கள் என்பது சொல்லிலேயே தெரியும்.

காரைக்குடி, கல்லூரி ஆசிரியை:

ஐயா, அது நல்ல சொல். மாற்றிவிட்டேன்.