வீட்டுப் பெரியவங்க யோகா: மறக்கவே முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்க

குளச்சல்காரி:
அம்மைக்கு 71. நாலு வருசமா கோயில்ல எல்லாரும் முழங்கால் போடும்போது இவிய மட்டும் பெஞ்சிலேயே இருப்பாவ. ஆறு மாசமா நாற்காலி யோகா, தெரியும்லா. போன ஞாயிறு பூசையில சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுற எழுந்தேற்ற மணி அடிக்கு, திரும்பிப் பாத்தா பக்கத்துல பெஞ்சு காலி. கீழ முழங்கால்ல நிக்காவ! எழும்பும்போது முன்பெஞ்சை ரெண்டு விரலால தொட்டாவ, அவ்வளவுதான். வெளிய வந்து கேட்டா, “நீ பூசை கண்டியா, என்னையக் கண்டியா”ன்னு ஏச்சு.

தக்கலை மருமவ:
சந்தோசம். ஆனா முழங்கால்னதும் எனக்கு வயிறு எரியுது. 2015லயிருந்து ஜூன் 21 யோகா தினம் வந்தா எல்லா இடத்துலயும் முகாம்தானே. ஒண்ணுக்கு மாமியைக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு முட்டும் மாத்தினவங்க. மைக்குல “எல்லாரும் வஜ்ராசனம்”னாரு, முட்டை மடக்கிக் குதிகால் மேல உக்காருறது. மாமி பாதி மடக்கி அப்படியே மாட்டிக்கிட்டாங்க, மேலயும் வர முடியல, கீழயும் போக முடியல. மூணு பேர் சேர்ந்து தூக்குறோம், மைக்குல “17, 18”னு எண்ணிக்கிட்டே இருக்காரு. அந்தக் குரல் இன்னும் காதுல நிக்குது.

பனங்காட்டான்:
அப்பா 35 வருசம் பனையேறினவரு. இப்ப 74, வேட்டி உடுக்கவே சுவரு வேணும். யோகா சொல்லிக்குடுக்குற விவேகானந்த கேந்திரம் 1972லயிருந்து கன்னியாகுமரியிலதான் இருக்கு, ஒருநாள் எட்டிப் பாத்ததில்ல. கடைசியில தெருவுல ஒரு பிள்ளை சொல்லிக்குடுக்க வந்துச்சு. “விருட்சாசனம் தாத்தா, மரம் மாதிரி நில்லுங்க.” “மரம் ஏறத் தெரியும் மக்களே, மரமா நிக்கத் தெரியாது”ன்னாரு. சன்னல் கம்பியைப் பிடிச்சு ஒரு காலைத் தூக்கி, மத்தக் கணுக்கால்ல ஒட்டி வச்சாரு. நான் பாத்தது ஊன்றின பாதத்தைத்தான். கால்ல தளைநார் போட்டு பனையில ஏறும்போது விரியுற மாதிரியே பெருவிரல் தனியா விரிஞ்சு சிமெண்டுத் தரையைக் கவ்வுது. கம்பியை விட்டாரு. 11 எண்ணினேன்.

ரப்பர்த்தோட்டம்:
தக்கலை அக்கா, அது யோகாவுக்க குத்தமா? கேக்காம மடக்கச் சொன்னவருக்க குத்தம். எனக்க கதை சின்னது: சவாசனத்துல குறட்டை விட்டேன், எழுப்பி விட்டாவ. ஆனா இதை எல்லாரும் குறிச்சு வைங்க. பிரஷர் கட்டுக்குள்ள இல்லாதவங்க, இதய நோய், குடலிறக்கம் உள்ளவங்க, மூச்சை வேகமா வெளிய தள்ளுற கபாலபாதி பக்கமே போகாதீங்க. கண்ணுல நீரழுத்தம் இருந்தா தலைகீழ நிக்கிறது வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைஞ்சவங்க முதுகை வளைச்சு முன்னால குனியக்கூடாது, முதுகெலும்பு நொறுங்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ்ல வழுக்கும், சுவரோட சேத்துப் போடுங்க. சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழியட்டும். படுத்தாப்ல இருந்து சாடி எழும்பாதீங்க, ஒருக்களிச்சு, கையை ஊன்றி, பைய. கொஞ்சம் சுகம் கண்டதும் மாத்திரையை நிறுத்துறது, அது வேற ஒரு கூட்டம். எங்க சித்தப்பாவும் அதுல உண்டு.

தக்கலை மருமவ:
யோகாவுக்கு குத்தம்னு நான் எங்க சொன்னேன்? எண்ணிக்கிட்டே இருந்தாரேன்னுதான் சொன்னேன்.

குளச்சல்காரி:
பனங்காட்டான், அப்பா இப்ப எத்தனை எண்ணுற வரைக்கும் நிக்காவ?

பனங்காட்டான்:
வலக்கால்ல 19. இடக்கால்ல 7தான். என்னதுக்குன்னு கேட்டா பனை மேல பழியைப் போடுதாரு.