2012இல் வாங்கிய பில்லிங் கம்ப்யூட்டர்: சரிசெய்வதா, தூக்கிப்போடுவதா?

இரும்புக்கடை | திங்கள், இரவு 9:12

வணக்கம். சிமெண்ட், கம்பி, பெயிண்ட் விற்கிற கடை வைத்திருக்கிறேன். 2012இல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர்தான் இன்றுவரை பில் போடுகிறது. எச்61 மதர்போர்டு, ஐ3-2120 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 10. பில்லிங் மென்பொருள், ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மொழியில் எழுதிய, விண்டோசுக்கு முந்தைய டாஸ் காலத்து புரோகிராம். கார்பன் வைத்த மூன்று காப்பி பேப்பரில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடிக்கிறோம். பிரிண்டர் கேபிள் பின்னால் இருக்கிற பேரலல் போர்ட்டில் நேராகச் செருகியிருக்கிறது.

இப்போது மூன்று தொல்லை. காலையில் ஆன் செய்தால் தேதி 2011க்குப் போய்விடுகிறது. போன வாரம் ஒரு நாள் முழுக்க 01-01-2011 தேதியில் பில் போட்டிருக்கிறோம், ஆடிட்டர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஜிஎஸ்டி வருவதற்கு ஆறு வருடம் முன்பே ஜிஎஸ்டி வசூலித்த கடை இந்த நாட்டில் என்னுடையதாகத்தான் இருக்கும். இரண்டாவது, மதியத்துக்கு மேல் பொட்டென்று அணைந்துவிடுகிறது. மூன்றாவது, ஆன் ஆகி பில் திரை வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

வந்து பார்த்த மெக்கானிக் "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று 35,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வாங்கலாமா?

கோவை நெட்வொர்க் | 9:31

அவர் சொன்ன முடிவு சரி, காரணம்தான் சந்தேகம். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். உங்களுடையது இரண்டாம் தலைமுறை. அதற்கு மேல், விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட்டில் உங்கள் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. ஆக ஹார்டுவேர், விண்டோஸ், மென்பொருள் மூன்றுமே முட்டுச்சந்தில் நிற்கின்றன. இதில் இன்னும் ஆயிரம் இரண்டாயிரம் போட்டு என்ன பயன்? சனிக்கிழமை சம்பள நாளில் கடை அரை நாள் பில் போடாமல் நின்றால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஸ்பேனர்மணி | 9:58

தேதி மாறினால் போர்டு போச்சா? அந்த மெக்கானிக் கேபினட்டைத் திறந்தாவது பார்த்தாரா அண்ணே?

தேதி மாறுவது பேட்டரி. போர்டில் வட்டமாக ஒரு சிஆர்2032 இருக்கும், நாற்பது ஐம்பது ரூபாய். புதிதில் 3 வோல்ட் காட்டும், மீட்டர் வைத்து 2.5க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். ராத்திரி மெயினை அணைத்துவிட்டுத்தானே கடையைப் பூட்டுகிறீர்கள்? பிளக்கில் கரண்ட் இருக்கிறவரை எஸ்எம்பிஎஸ்சே (உள்ளே கரண்ட் கொடுக்கிற டப்பா) அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். மெயினை அணைத்தால்தான் பேட்டரி செத்தது வெளியே தெரியும்.

மதியம் அணைவது பெரும்பாலும் சூடு. சிமெண்ட் கடை வேறு. இந்த பிராசசர்கள் சூடு ஏறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். அணைந்த உடனே திரும்ப ஆன் செய்யுங்கள். முன்னைவிடச் சீக்கிரம் அணைந்தால் சூடுதான். ஆன் செய்ததும் விண்டோசுக்கு முன்னால் வருகிற பயாஸ் அமைப்புத் திரைக்குள் போனால் ஹார்டுவேர் மானிட்டர் என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் பத்து நிமிடம் டிகிரியைப் பாருங்கள். ஐம்பதிலேயே நின்றுகொண்டு அணைந்தால் அப்போது எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படலாம்.

கோவை நெட்வொர்க் | 10:07

இன்டர்நெட் இருந்தால் விண்டோசே நேரத்தைச் சரிசெய்துகொள்ளுமே. அதுவும் செய்யவில்லை என்றால் போர்டில் கடிகாரச் சிப்பே போயிருக்கலாம் அல்லவா?

லேப்டீச்சர் | 10:25

செய்யாது. கணினிக் கடிகாரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தனிக் கணினியில் விண்டோஸ் தானாகத் திருத்தாமல் விட்டுவிடும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும், பிரவுசர் எதைத் திறந்தாலும் எச்சரிக்கை காட்டும். பள்ளி ஆய்வகத்தில் வருடா வருடம் மே மாத விடுமுறை முடிந்து திறக்கும்போது பதினெட்டு மெஷினில் ஏழெட்டாவது இப்படி நிற்கும்.

ஆனால் நீங்கள் இருவரும் வாதாடுவதற்கு முன் ஒன்று. இரும்புக்கடை சார், பேட்டரியைத் தொடாதீர்கள், கேபினட்டைத் திறக்காதீர்கள். முதலில் அந்த ஃபாக்ஸ்புரோ ஃபோல்டரை அப்படியே இரண்டு பென் டிரைவில் காப்பி எடுங்கள். மெதுவாக ஆன் ஆகிற பதின்மூன்று வருட ஹார்ட் டிஸ்க் என்றால் எனக்கு முதல் பயம் அதன்மேல்தான். போர்டு போனால் வேறு போர்டு வாங்கலாம். கணக்கு போனால்?

இரும்புக்கடை | 10:52

எடுத்துவிட்டேன் டீச்சர். பத்து வருடக் கணக்கு மொத்தமே 180 எம்பிதான். ஆனால் ஒரு ஃபைல் மட்டும் காப்பி ஆக நாலு நிமிடம் எடுத்தது.

லேப்டீச்சர் | 11:01

அதுதான். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கிற ஸ்மார்ட் விவரத்தில் 05, சி5 இரண்டு வரியையும் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே கெட்டு மாற்றப்பட்ட செக்டர் (டிஸ்க்கின் சின்னத் துண்டு), சி5 என்பது படிக்க முடியாமல் தவிக்கிற செக்டர். சி5 பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுத வேண்டாம்.

புதியவன்22 | 11:20

எதுக்கு இவ்வளவு? இன்னொரு 4 ஜிபி ராம் போடுங்க, பறக்கும்.

ஸ்பேனர்மணி | 11:26

32 பிட் விண்டோஸ் தம்பி. இருக்கிற 4 ஜிபியையே முழுசாகப் பார்க்காது. இன்னொன்று போட்டால் சும்மா உள்ளே உட்கார்ந்திருக்கும்.

பென்குயின்ராசா | செவ்வாய், காலை 6:40

யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். விண்டோசுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22 போடலாம், எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு. 2029 வரை அப்டேட் உண்டு, இந்த மெஷினில் சுகமாக ஓடும். டாஸ் புரோகிராமை ஓட்ட டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, பேரலல் போர்ட்டுக்கும் வழி உண்டு.

ஸ்பேனர்மணி | 7:15

ராசா, வழி உண்டு என்பதும் கடையில் ஓடும் என்பதும் வேறு வேறு. அந்த புரோகிராம் பிரிண்டருக்கு நேராக எழுத்தையும் கட்டளையையும் அனுப்புகிறது. எந்த வரியில் என்ன, பேப்பர் எவ்வளவு நகர வேண்டும், எல்லாம் அதற்குள் எழுதி வைத்தது. இடையில் ஒரு டிரைவர் புகுந்து அதைப் படமாக மாற்றி அனுப்பினால் ஒரு பில்லுக்கு ஒரு நிமிடம் அடிக்கும், நாலாவது பில்லில் வரி தள்ளிப்போகும். கம்பி ஏற்ற வந்த வண்டிக்காரன் நிற்பானா?

பென்குயின்ராசா | 7:22

கட்டளையை மாற்றாமல் அப்படியே அனுப்பவும் முடியும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

ஸ்பேனர்மணி | 7:24

நீ செய்வாய். கடையில் பில் போடுகிற பையன்?

இரும்புக்கடை | செவ்வாய், இரவு 8:35

பார்த்துவிட்டேன். சி5இல் 16 காட்டுகிறது, 05இல் 200ஐத் தாண்டியிருக்கிறது. பயாசில் பத்து நிமிடத்தில் 94 டிகிரி.

கேபினட்டைத் திறந்தேன். சிமெண்ட் தூள், இரண்டு பல்லி முட்டை, ஒரு பழைய ரசீது. பிராசசர் மேல் இருக்கிற ஃபேனின் நாலு கால்களில் ஒன்று மேலே எழும்பி நிற்கிறது, அமுக்கினாலும் பிடிக்கவில்லை.

ஸ்பேனர்மணி | 8:44

கிடைத்ததா! ஒரு கால் எழும்பினால், சூட்டை வாங்குகிற உலோகத் துண்டான ஹீட் சிங்க் சாய்ந்துவிடும், பிராசசர்மேல் ஒட்டாது. அப்புறம் எவ்வளவு காற்று அடித்தாலும் சூடு இறங்காது. அந்த பிளாஸ்டிக் கால்கள் வருடக்கணக்காகச் சூட்டில் வெந்து உடையும். அதே 1155 சாக்கெட்டுக்கான கூலர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சூடு கடத்த இடையில் தடவியிருக்கிற பழைய பேஸ்ட்டை நன்றாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள், போதும். நாலு காலையும் வரிசையாக அமுக்காதீர்கள், எதிரெதிர் மூலையாக அமுக்குங்கள். பிளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற கெபாசிட்டரில் 300 வோல்ட் தேங்கி நிற்கலாம்.

லேப்டீச்சர் | 8:57

பேட்டரியைக் கழற்றும் முன் பயாசின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றினால் எல்லாம் கம்பெனி அமைப்புக்குப் போய்விடும். சாட்டா (டிஸ்க் இணைப்பு) என்ற இடத்தில் ஏஎச்சிஐ இருந்தது ஐடிஇ என்று மாறினால், அல்லது அது இதுவாக மாறினால், விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். பலர் அங்கேதான் 'போர்டு போச்சு' என்று முடிவுகட்டுகிறார்கள்.

கோவை நெட்வொர்க் | 9:20

சரி, போர்டு போகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்பதும் உறுதியாகிவிட்டது. இனி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்), கூலர், பேட்டரி என்று செலவு. எச்61 போர்டில் சாட்டா 3 ஜிகாபிட்தான், எஸ்எஸ்டியின் பாதி வேகம் வீண். பழைய மெஷின் 50 வாட் இழுக்கிற இடத்தில் ஒரு மினி பிசி 12 வாட்டில் முடித்துவிடும், கரண்ட் பில்லே மிச்சம்.

ஸ்பேனர்மணி | 9:41

கரண்ட் கணக்கைப் போட்டே பார்ப்போம். 38 வாட் வித்தியாசம், தினம் பத்து மணி நேரம், வருடம் 300 நாள். 114 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 1,140 ரூபாய். 35,000 ரூபாயை அதில் மீட்க முப்பது வருடம் ஆகும் தம்பி. அதற்குள் உன் மினி பிசியும் பல்லி முட்டை பார்த்துவிடும்.

எஸ்எஸ்டி பாதி வேகம் என்பதும் காகிதக் கணக்கு. பெரிய சினிமா ஃபைல் காப்பி செய்தால்தான் அந்த வித்தியாசம். பில் போடுகிற மெஷினுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னதாகப் படிக்கிற வேலை. ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு தடவையும் முள்ளை நகர்த்தி இடத்தைத் தேடவே பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட் எடுக்கும், எஸ்எஸ்டிக்கு அந்த வேலையே இல்லை.

கோவை நெட்வொர்க் | 9:55

கரண்ட் விஷயத்தில் தோற்றேன். ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அப்டேட் நின்ற விண்டோசில் ஒரு கடையின் கணக்கு. கணக்கைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற ரான்சம்வேர் ஒன்று வந்தால் உங்கள் கூலரும் பேஸ்ட்டும் என்ன செய்யும்? அந்த புரோகிராமை எழுதியவர் இருக்கிறாரா? 2025 செப்டம்பர் 22இல் சிமெண்ட் வரி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியதே, அன்றைக்கு என்ன செய்தீர்கள்?

இரும்புக்கடை | 10:10

எழுதிக்கொடுத்தவர் 2017இல் ஜிஎஸ்டிக்கு மாற்றிக்கொடுத்ததோடு தொழிலை விட்டுவிட்டார். வரி சதவீதம் தனி டேபிளில் இருக்கிறது, அதனால் செப்டம்பரில் என் மகளே 28ஐ 18 ஆக்கிவிட்டாள். ஆனால் நீங்கள் கேட்டது நியாயம் சார். நாளைக்குப் பில்லில் புதிதாக ஒரு கட்டம் வேண்டும் என்று சட்டம் வந்தால் எனக்கு வழி இல்லை.

லேப்டீச்சர் | 10:34

வழி இருக்கிறது. ஃபாக்ஸ்புரோ கணக்கைச் சேமிக்கிற டிபிஎஃப் ஃபைலை, லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச அட்டவணை மென்பொருள் அப்படியே திறக்கும். உங்கள் சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் அட்டவணையாக வந்துவிடும். எந்தப் புதிய மென்பொருளுக்கும் அதை ஏற்றலாம். மகளிடம் சொல்லி இன்றே ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள், காப்பியில், அசலில் அல்ல.

கோவை தம்பி சொல்வது புரோகிராமுக்குப் பொருந்தும், பெட்டிக்குப் பொருந்தாது. புதிய பெட்டி வாங்கினாலும் அந்த புரோகிராம் அதில் ஓடாது என்று முதல் பதிவில் நீங்களேதான் சொன்னீர்கள். அதனால் இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். பெட்டியைச் சரிசெய்து பில் ஓடட்டும், நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். ஜிஎஸ்டி தாக்கல் வீட்டு லேப்டாப்பில். பக்கத்தில் புதிய மென்பொருளை ஓட்டிப் பழகுங்கள்.

கோவை நெட்வொர்க் | 10:41

நெட் கேபிளைப் பிடுங்கினால் பென் டிரைவ் வரும் மேடம். வைரஸ் அதில்தான் அதிகம் வரும்.

லேப்டீச்சர் | 10:45

வரும். அந்தக் கடைக்கென்று ஒரே ஒரு பென் டிரைவ், அது ஜெராக்ஸ் கடைக்குப் போகக்கூடாது.

பென்குயின்ராசா | 10:58

டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு மாற்ற என்னிடம்தான் வருவீர்கள் என்று காத்திருந்தேன். கெட்ட செக்டர் இருக்கிற டிஸ்க்கில், அப்படியே நகலெடுக்கிற சாதாரண குளோன் மென்பொருள் பாதியில் நின்றுவிடும். மின்ட்டை பென் டிரைவிலிருந்து பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். நல்ல இடத்தையெல்லாம் முதலில் அள்ளிவிட்டுக் கெட்ட இடத்துக்குக் கடைசியில் திரும்பும். எந்த டிஸ்க்கிலிருந்து எதற்கு என்பதை மூன்று தடவை பாருங்கள், மாற்றிக் கொடுத்தால் வெற்று எஸ்எஸ்டி உங்கள் கணக்கின் மேல் ஏறிவிடும். எஸ்எஸ்டி 480 வாங்காதீர்கள், 500ஐவிடச் சின்னது, முழு டிஸ்க் அதில் அடங்காது. 512 வாங்குங்கள்.

ஸ்பேனர்மணி | 11:03

ராசா சொன்னதில் இது நூற்றுக்கு நூறு.

இரும்புக்கடை | சனி, இரவு 9:30

கூலர், பேஸ்ட், பேட்டரி மாற்றியாகிவிட்டது. மதியம் 2 மணிக்கு 52 டிகிரி. டிடிரெஸ்க்யூ ஒரு ராத்திரி முழுக்க ஓடியது, கடைசியில் 8 கிலோபைட் மட்டும் படிக்க முடியவில்லை. எஸ்எஸ்டியில் பூட் ஆனதும் பில்லிங்கில் ரீஇண்டெக்ஸ் (தேடல் பட்டியலைப் புதிதாக்குவது) கொடுத்தேன், 2014இன் ஒரு பெயிண்ட் பில் மட்டும் குழம்பிப்போய் வந்தது. பில் திரை அரை நிமிடத்தில் வருகிறது. இன்று சம்பள நாள், 140 பில், ஒரு தடவைகூட அணையவில்லை.

டிபிஎஃப் ஃபைலை மகள் கால்க்கில் திறந்துவிட்டாள். 3,200 சரக்கு வரிகள். அதில் "ஆணி 2 இன்ச்" என்பதை மட்டும் பதினொரு விதமாக எழுதி வைத்திருக்கிறோம்.

கோவை நெட்வொர்க் | 9:44

வாழ்த்துகள் சார். இரண்டு வருடத்துக்குள் புது மெஷின் கேட்டு இங்கே வருவீர்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது பேரலல் கார்டு செருக இடமிருக்கிற டவராகப் பாருங்கள். நான் சொன்ன மினி பிசியில் அதற்கு இடம் இருக்காது, அதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

ஸ்பேனர்மணி | 9:50

பழைய ஹார்ட் டிஸ்க்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் அண்ணே. ஏதாவது விடுபட்டிருந்தால் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

இரும்புக்கடை | 9:53

கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.